கழுத்துக்கு வேண்டிய கனம்

ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளரைத் தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. விதி என்ன என்று கேட்க வருகிறவர்கள் ஒரு வகை; விதி தெரிந்த பிறகு அதை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்று கேட்க வருகிறவர்கள் இன்னொரு வகை. என் மைத்துனன் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் வருவான், அதுவும் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து.

என் மனைவியின் தம்பி அவன். தேனி பைபாஸ் ஓரத்தில் லாரி யார்டு வைத்திருக்கிறான். கம்பத்திலிருந்து வாழைத்தாரும் திராட்சையும் ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த வரை அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. சென்ற ஆண்டு எங்கோ ஏலத்தில் ஒரு பழைய புல்லரை எடுத்து வந்தான். புல்லர் என்பது பெரிய டிரெய்லர்களை இழுக்கும் வண்டி. முன்னால் கேபின், பின்னால் வெறும் முதுகு. அது வந்த நாளிலிருந்து வாழைத்தார் அவன் கண்ணுக்குச் சிறுத்துப் போய்விட்டது.

முதல் பெரிய வேலையும் சீக்கிரமே கிடைத்தது. அனுமந்தன்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் பிரியும் ரோட்டில் கல் குவாரி வைத்திருக்கும் ஒருவர், கல் உடைக்கும் பழைய கிரஷர் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தார். இரண்டு பகுதிகள். முதல் பகுதி எங்கள் யார்டுக்கு வந்து இறங்கியிருந்தது. நீண்ட இரும்புச் சட்டம். அதன் ஒரு முனையில் கல்லைக் கடிக்கும் இரண்டு தாடைகள், அவற்றின் இருபுறமும் ஆள் உயரச் சக்கரங்கள். மறுமுனையில் மோட்டார் வைக்கும் மேடை, மோட்டார் இல்லாமல். தாடைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை எல்லோரும் வாய் என்றுதான் சொன்னார்கள். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது. பக்கத்தில் போய் நின்றால் பழைய இரும்பும் கல்தூளும் கலந்த ஒரு குளிர்ந்த மூச்சு வரும். வெயில் அடிக்கும் நாளிலும் வந்தது.

டிரைவர் யார் என்று கேட்டேன். தானே ஓட்டப்போவதாகச் சொன்னான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எல்லா விதியும் தெரியும்னு சொல்லுவீகள்ல. அவன் உசுரோட திரும்பி வாற மாதிரி ஒரு வண்டியப் பாத்துக் குடுங்க. வேற எதுவும் நான் உங்ககிட்ட கேக்கல."

முப்பத்தைந்து ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னிடம் தொழில்நுட்ப ஆலோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் யார்டில் உட்கார்ந்து பேசினோம். மைத்துனனிடம் ஏற்கெனவே ஒரு பிளாட் பெட் இருந்தது. தட்டையான மேடை, நெஞ்சு உயரம்.

"இதுலயே ஏத்திருவோம் மச்சான். வீட்டுல வண்டிய வச்சுக்கிட்டு வெளிய வாடகைக்கு அலைவாகளா?"

"ஏத்தலாம் மாப்ள. மேடையே நெஞ்சு உயரம். அது மேல இது உக்காந்துச்சுன்னா இங்கன இருந்து உத்தமபாளையம் வரைக்கும் ஒரு கரண்டுக் கம்பி மிஞ்சாது. பள்ளத்தாக்கையே இருட்டாக்கிட்டுப் போயிரலாம்."

"அப்ப லோ பெட்டு."

லோ பெட் என்பது வயிறு தரையை ஒட்டித் தொங்கும் டிரெய்லர். உயரமான சரக்குக்கு அதுதான் சரி. ஆனால் குவாரிக்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால் பாலம் இருக்கிறது, ஒட்டக முதுகு போல் நடுவில் எழும்பியது. என் ஸ்கூட்டரில் போய், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நூல் பிடித்து அதன் முதுகை அளந்தேன். நூலின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி ஒரு விவசாயியைக் கூப்பிட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பிடித்தார்.

"என்ன சார், பாலத்து மேல வீடு கட்டப் போறீகளா?"

"இல்லய்யா. ஒரு பெரிய வண்டி வருது."

"எங்கன, குவாரிக்கா?" என்றார். நூலை என் கையில் கொடுத்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் வயலுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

லோ பெட் அந்தப் பாலத்தில் ஏறினால் வயிறு முட்டி நடுவில் உட்கார்ந்துவிடும். சக்கரங்கள் இரு முனையிலும் காற்றில் சுற்றும். சிறந்த தேர்வு ஹைட்ராலிக் டிரெய்லர். வரிசை வரிசையாகச் சக்கரம். மேடையைத் தேவைக்கு ஏற்றலாம், இறக்கலாம். கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். அதன் வாடகையைக் கேட்டதும் மைத்துனன் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். ஆகவே செமி லோ பெட் என்று முடிவு செய்தேன். பிளாட் பெட்டைவிடத் தாழ்வு, லோ பெட்டைவிட உயர்வு. கம்பிக்குக் கீழே போகும், பாலத்துக்கு மேலேயும் போகும். மூன்று அச்சுகளும் பின்கோடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தன. முன்பகுதி வளைந்து எழுந்து புல்லரின் முதுகில் போய் உட்காரும். அந்த வளைவைத் தொழிலில் கழுத்து என்பார்கள். மதுரையில் வாடகைக்குக் கிடைத்தது. அனுமதிக்கு நானே விண்ணப்பித்தேன்: நீளம், அகலம், உயரம், மொத்த எடை, வழித்தடம், பாலங்கள். ஒரு கேள்விகூடத் திரும்பி வரவில்லை. பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்ததே இல்லை.

ஒரே ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. இயந்திரத்தின் கனமெல்லாம் வாய்ப்பக்கம். சட்டமோ மேடையின் முழு நீளத்துக்கும் இருந்தது. முன்னே பின்னே நகர்த்த இடமில்லை. வாய்ப்பக்கம் முன்னால், கழுத்தை ஒட்டி வரவேண்டும். அப்போதுதான் புல்லரின் முதுகில் கனம் அழுந்தும். இழுக்கிற சக்கரம் ரோட்டைக் கவ்வும். திருப்பி ஏற்றினால் கனம் அச்சுகளுக்குப் பின்னால் போய்விடும். தராசில் ஒரு தட்டு தாழ்ந்தால் மறு தட்டு எழுகிற மாதிரி கழுத்து புல்லரை மேலே தூக்கப் பார்க்கும். தூக்கிய சக்கரம் எதையும் இழுக்காது. மேடையில் சாக்பீஸால் 'வாய் இங்கே' என்று எழுதி அம்பும் போட்டேன்.

ஏற்றுகிற அன்று கிரேன் வந்து நின்றபோது குவாரிக்காரரும் வந்தார். என்ஜினியரிங் படித்தவர், சட்டையை இன் பண்ணியவர், என்னை சார் என்று அழைக்கிறவர். சாக்பீஸ் எழுத்தைப் படித்துவிட்டு மென்மையாகச் சொன்னார்.

"சார், வாய் பின்னாடி வரணும்."

"வரக் கூடாது. கனம் அந்தப் பக்கம்."

"எங்க ஊர்ல வாய் உள்ள மெஷின் எதுவும் வாய முன்னாடி நீட்டிக்கிட்டு உள்ள வராது சார். நெல்லு மில்லு மெஷின் அப்படித்தான் வந்துச்சு. மாட்டுக்குத் தட்டை வெட்டுற மெஷின்கூட முதுகக் காட்டித்தான் வந்துச்சு. பழைய கிரஷர மட்டும் அவசரத்துல நேரா கொண்டாந்துட்டாக. ஆறு மாசத்துல ஒரு ஆளோட கைய எடுத்துருச்சு."

"அதுக்குப் பாதுகாப்பு மூடி மாட்டாம விட்டது காரணமா இருக்கலாம்."

"மூடி மாட்டணும்னு யாருக்குமே ஏன் சார் தோணாமப் போச்சு?"

தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்றேன். மூடினாலும் வாய் வாய்தான் என்றார். ஊர் எல்லையில் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் உள்ளே போகலாம் என்றேன். வாய்க்கால் கரையில் மாட்டு வண்டி திரும்பவே இடமில்லை என்றார். உண்மை, அதை அளந்தவனே நான். எல்லையில் இன்னொரு கிரேன் வைத்து இறக்கித் திருப்பி ஏற்றலாம் என்றேன். அவர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் மறுபடி தண்ணீர் குடிக்கப் போனான்.

திரும்பி வந்தவனைத் தனியே கூப்பிட்டேன். "மாப்ள, திருப்பித்தான் ஏத்தணும்னா கழுத்து மேல கல்ல அடுக்கு. கல் உடைக்கிற ஆளுகிட்ட கல்லுக்கா பஞ்சம்? அந்தக் கனம் இருந்தாத்தான் மேட்டுல ஏறும்."

அவன் கைப்பேசியில் அனுமதிச் சீட்டைத் திறந்து என் கண்ணுக்கு நேரே பிடித்தான். "மொத்த எடை இங்கன போட்டிருக்கு. நீங்க எழுதினதுதான். கல்ல ஏத்தி இதத் தாண்டலாமா மச்சான்? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் குடுப்பானா?"

அவன் சொன்னது விதிப்படி சரி. நான் கற்றுக் கொடுத்ததுதான். கிரேன்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் பணம் கொடுப்பார்களோ அவர் சொன்ன பக்கம் திருப்பினார். இறங்கும்போது சட்டத்தின் விளிம்பு என் சாக்பீஸ் எழுத்தின் மேல் உட்கார்ந்தது. வாய் டிரெய்லரின் வாலில், வந்த வழியைப் பார்த்துத் திறந்திருந்தது.

விடிந்ததும் கிளம்பினோம். தென்மேற்குக் காற்று தொடங்கிய பருவம். மலை இரண்டு பக்கமும் மேகத்துக்குள் போயிருந்தது. சாரல் பெய்யவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. நான் முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஜீப்பில் இருந்தேன். பின்னால் புல்லர், அதில் மைத்துனன் தனியாக. வீரபாண்டியில் திருவிழாக் கடைகளுக்கு நட்ட கம்புகள் இன்னும் பிடுங்கப்படாமல் ரோட்டோரம் நின்றன. அவற்றுக்கு நடுவே அவன் வண்டியை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்தான். நல்ல கை அவனுக்கு. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

நேரான ரோட்டில் தப்பு தெரியாது. சின்னமனூர் தாண்டும் வரை ஜீப்காரர், "அருமையா வருது சார், தேர் மாதிரி" என்றுகூடச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். புல்லர் ஏறி இறங்கிய பிறகு கழுத்து ஒரு கணம் மேலேயே நின்றது. பிறகு, மனசில்லாமல் இறங்குகிற மாதிரி, மெல்ல இறங்கியது. சரக்கு சரியாக உட்கார்ந்த வண்டியில் அந்தக் கணம் இருக்காது. உத்தமபாளையத்தில் டீக்கு நிறுத்தியபோது அவனிடம் கேட்டேன்.

"ஸ்டியரிங் எப்படி இருக்கு?"

"லேசாத்தான் இருக்கு."

"லேசா இருக்கறது நல்லதுக்கு இல்ல மாப்ள."

"கனமா இருந்தாலும் வைவீக, லேசா இருந்தாலும் வைவீக" என்று டீயை முடித்தான்.

பாலத்துக்கு வந்தோம். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள்; வாய்க்கால் கரை முட்ட, செந்நிறமாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஜீப் பாலத்தைத் தாண்டி அக்கரையில் நின்றது. நான் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். குவாரிக்காரர் அங்கே பூசாரியோடும் பூசணிக்காயோடும் காத்திருந்தார். பக்கத்து வயலில் நாற்று முடி சுமந்துகொண்டிருந்த ஆண்கள் வேலையை விட்டு வரப்பில் ஏறி நின்றார்கள்.

புல்லர் சரிவில் ஏறியது. பாதிச் சரிவு வரை ஏறியது. பிறகு அதன் பின்சக்கரங்கள் ஈர ரோட்டில் ஒரு சீறலோடு சுற்றத் தொடங்கின. புகை வந்தது. நான் குனிந்து பார்த்தேன். கழுத்து புல்லரின் முதுகை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. டயர்கள் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. ஒரு பூனை தண்ணீரைத் தொடுகிற மாதிரி. அவன் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினான். மறுபடி இழுக்க பிரேக்கை விட்டதும் மொத்த வண்டியும் ஒரு முழம் பின்னால் நழுவியது, கொஞ்சம் பக்கவாட்டில். அந்தப் பக்கவாட்டில்தான் வாய்க்கால் இருந்தது.

கேபின் அருகே ஓடினேன். "எறங்கு மாப்ள. பிரேக்கப் போட்டுட்டு எறங்கிரு."

"எறங்கினா இது நிக்குமா?"

"நிக்காட்டாப் போகட்டும்."

"வாடகை வண்டி மச்சான்" என்றான். ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கைகளும் வெளுத்திருந்தன. கண் என்னைப் பார்க்கவில்லை. அவனுடைய அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லப் போகிறேன் என்ற நினைப்பு ஒன்றுதான் எனக்கு அப்போது இருந்தது.

குவாரிக்காரருக்குப் படித்த படிப்பு அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். வரப்பைப் பார்த்துக் கை தட்டினார்.

"ஏலே, எல்லாரும் வாங்கடா. கழுத்து மேல ஏறுங்க. அங்கன, அந்த வளைவுல."

அவர்கள் வந்தார்கள். காலில் சேறோடு, சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் தூக்கிவிட்டுக்கொண்டு ஏறினார்கள். கட்டுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கோழிகள் போல நெருக்கி உட்கார்ந்தார்கள். இறங்குங்கள் என்று நான் கத்தினேன். மேலே இருந்த ஒருவர், "ஏன் சார், எங்களப் பாத்தாக் கனமாத் தெரியலையா?" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

கேபின் ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன். "கல்ல ஏத்தினா எடை கூடும்னியே மாப்ள, இது?"

"இவுக சரக்கு இல்லையே" என்றான்.

உண்மைதான். அனுமதிச் சீட்டில் அவர்களுக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. எடை என்று ஏதாவது இருந்தால் அதைக் கணக்கில் கொள்ளும் அரசாங்கம், ஆள் என்றால் எங்கே எழுதும் என்று எனக்கே தெரியவில்லை.

கழுத்து தாழ்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற அளவு தாழ்ந்தது. டயர் ரோட்டைக் கவ்வியது, வண்டி ஏறியது. பாலத்தின் முதுகில் புல்லர் தலை குனிந்து இறங்கத் தொடங்கியபோது டிரெய்லரின் வால் சரிவில் உராய்ந்து தீப்பொறி பறந்தது, கழுத்து ஒரு கணம் விசுக்கென்று எழும்பியது, மேலே இருந்த அத்தனை பேரும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தார்கள். ஒருவருடைய செருப்பு தண்ணீரில் விழுந்தது. எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அது சுழன்று பாலத்துக்கு அடியில் போய் மறைந்தது. பிறகு அக்கரை. பூசணிக்காய் உடைந்தது. வாய் எல்லோருக்கும் கடைசியாக, முதுகைக் காட்டி வருகிற இயந்திரத்தின் பின்னால், திறந்தபடி ஊருக்குள் போனது.

இறக்கி முடித்த பிறகு குவாரி ஓரத்துக் கடையில் உட்கார்ந்தோம். மைத்துனன் டீயைப் பாதியில் கீழே வைத்தான். தணிந்த குரலில் சொன்னான்.

"பாத்தீகளா மச்சான். பின்னாடி திரும்பி இருக்கும்போதே இப்படிப் பண்ணுதே. வாய் முன்னாடி இருந்திருந்தா முதல்ல என்னையத்தான் எடுத்திருக்கும்."

நான் கடைக்காரரிடம் ஒரு ஸ்கேலை வாங்கி விரலின் மேல் வைத்து, ஒரு முனையில் நாணயத்தை வைத்து, கனம் எங்கே, அச்சு எங்கே, கழுத்து ஏன் எழுந்தது என்று காட்டினேன். வாய் பின்னால் இருந்ததால்தான் அது நடந்தது என்று மூன்று விதமாகச் சொன்னேன். துக்க வீட்டில் எதையாவது பேசிக்கொண்டே இருக்கும் மனிதரை மற்றவர்கள் பொறுத்துக்கொள்வது போல அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஸ்கேலைக் கடைக்காரரிடம் அவனே திருப்பிக் கொடுத்தான்.

வீட்டில் என் மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"வந்துட்டானா?"

"வந்துட்டான். ஆனா..."

"வந்துட்டான்ல. பெறகு என்ன ஆனா?"

அடுத்த மாதம் இரண்டாவது பகுதி: உடைத்த கல்லை மேலும் பொடியாக்குவது, ஒரு முனையில் இரும்பு அடித்தூணில் நிற்பது. அதற்கு வாய் மேலே, வானத்தைப் பார்த்து. முன் பின் என்பதே கிடையாது. கனமான அடித்தூணை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று மைத்துனன் என்னைக் கேட்பான் என்று காத்திருந்தேன். கிரேன்காரரிடம் அவன் பேசுவது காதில் விழுந்தது. கல் விழுகிற பெல்ட் வந்து சேரும் பக்கம்தான் வாய்ப்பக்கம், அது பின்னால் போகட்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம்தான் அடித்தூணும் இருந்தது. குவாரிக்காரர் அன்று யார்டுக்கு வரவே இல்லை. அவர் வரவேண்டிய தேவை தீர்ந்துவிட்டது.

கழுத்தில் ஆட்கள் கிளம்பும்போதே ஏறிவிட்டார்கள். போன தடவை பாலத்தில் ஏறியவர்களில் பாதிப் பேர், புதிதாகச் சிலர். விடியற்காலையிலேயே வேன் பிடித்து வந்திருந்தார்கள். உட்காரச் சாக்கு, கையில் இட்லிப் பொட்டலம். கூலி பேசப்பட்டிருந்தது. யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களுக்குள்ளேயே ஓர் ஒழுங்கு வந்திருந்தது. குண்டானவர்கள் புல்லரின் முதுகை ஒட்டி, ஒல்லியானவர்கள் ஓரத்தில். ஒரு நடைமுறை எப்படிப் பிறக்கிறது என்பதை வாழ்நாளெல்லாம் நடைமுறையோடு கழித்த நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒருமுறை யாரும் சாகாமல் இருந்தால் போதும்.

மைத்துனன் கேபின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். முகத்தில் கேலி இல்லை, அன்பாகத்தான் கூப்பிட்டான்.

"முன்னாடி கனம் வேணும்னு சொல்லிக்கிட்டே இருந்தீகள்ல. வாங்க மச்சான், இங்கன ஏறுங்க. பேச்சுத் துணையாவும் இருக்கும்."

"கேபின்ல உக்காருற கனம் முன் சக்கரத்துக்குப் போயிரும் மாப்ள. இழுக்குற சக்கரத்துக்கு வராது."

"அப்ப எங்கன உக்காந்தா வரும்?"

அதற்கு எனக்குப் பதில் தெரியும். ஒரே ஒரு பதில்தான் உண்டு. நான் ஜீப்பில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தால் அவனுக்கு ஒரு கிராம் பயன் இல்லை. கழுத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் உண்டு. செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு டிரெய்லரைச் சுற்றி நடந்தேன். மேலே இருந்தவர்களில் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். "சாருக்கு நடுவுல எடம் விடுங்கப்பா" என்றார் ஒருவர். என் எடையை மதிப்பிட்டு, நடுவில் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். மதிப்பீடு சரி.

அன்றும் பாலத்தைத் தாண்டினோம். கழுத்து எழும்பிய கணத்தில் கீழே தண்ணீர் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரின் முழங்கை என் விலாவில் இடித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். என் மனைவிக்கு நான் ஜீப்பில் வந்ததாகத்தான் தெரியும்.

இப்போது அவன் கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு வேலை பிடித்திருக்கிறான். நேற்று ஸ்கூட்டரில் போய் அந்த மேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். வாய்க்கால் பாலத்துச் சரிவைவிடப் பல மடங்கு நீளம். நடுவில் ஒரு வளைவு, வளைவுக்கு வெளிப்பக்கம் ஒன்றும் இல்லை. ஹைட்ராலிக் டிரெய்லரைத் தவிர வேறு எதுவும் அங்கே ஏறக் கூடாது என்று எழுதியே கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"நீங்க கவலப்படாதீக மச்சான். மேடு பெருசு, அதனால ஆளு கூடுதலாச் சொல்லியிருக்கேன். உங்களையும் சேத்துத்தான்" என்றான்.

வியாழக்கிழமை காலை கிளம்புகிறோம்.